வெறும் வயிற்றில் போட்ட மாத்திரை

ஆடி 9, இரவு

பள்ளி விட்டுத் தென்காசியிலிருந்து குற்றாலம் திரும்பும் பேருந்தில் என் மகள் ஜெனி இன்று வாந்தி எடுத்தாள். முகப்பருவுக்கு டாக்டர் தந்த மாத்திரையைப் பத்து நாளாகச் சாப்பிடுகிறாள். அன்றிலிருந்தே வயிற்று வலிதான்.

"ஏட்டி, சாப்பிட்டுட்டுத்தான மாத்திரை போடுத?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. நீ கட்டித் தார தோசையைப் பள்ளிக்கூட வாசல்ல நாய்க்குப் போட்டுருதேன். எண்ணெய் பட்டா பரு வரும்னு நீதான சொன்ன?"

எப்போது சொன்னேன் என்றே நினைவில்லை. ஆனால் சொல்லியிருப்பேன்.

டாக்டரின் கிளினிக்குக்குப் போன் செய்தேன். வெறும் வயிற்றில் போடக்கூடாதாம், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டுமாம், போட்டதும் படுக்கக் கூடாதாம். வாந்தி எடுத்ததால் நாளை டாக்டர் பார்க்கும்வரை மாத்திரை வேண்டாம் என்றார் நர்ஸ்.

ஜெனி அழுதுவிட்டாள். "நிறுத்திராதம்மா. இப்பதான் கண்ணாடி பாக்கவே தைரியம் வருது."

கன்னம் தெளிந்திருப்பது உண்மைதான். நாளை டாக்டரிடம் மாத்திரையைத் தொடரலாமா என்று கேட்பதா, நிறுத்திவிடச் சொல்வதா?

இரவு என் எதிரில் உட்கார்ந்து கஞ்சியை மடமடவென்று குடித்தாள். பசியா, நான் பார்த்துக்கொண்டிருந்ததாலா, தெரியவில்லை.