பட்டாளத்துக்காரரின் தம்பி

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

கால் புண் ஆறிவிட்டதா? ஒரு வரி எழுதினால் குறைந்தா போய்விடுவாய்?

வெள்ளைக்காரன் சண்டைக்குப் பண்ணையார் எழுதிக்கொடுத்தது என் பெயரை. நான் கைக்குழந்தைக்காரன் என்று, என் பெயரைச் சொல்லிக்கொண்டு நீ போனாய். இப்போது பட்டாளத்தாருக்குத் தரும் நிலமும் என் பெயருக்கே வந்திருக்கிறது. நீ சொன்னபடியே நான் வாங்கிக்கொண்டேன். புது ஊர். நம்மை யாருக்கும் தெரியாது. என்னைப் 'பட்டாளத்துக்காரரே' என்கிறார்கள். உன் அண்ணி உள்ளே போய்ச் சிரிக்கிறாள்.

ஒரே தொல்லை, கதை கேட்கிறார்கள். இரண்டு எழுதி அனுப்பு.

அண்ணன்


பிப்ரவரி 2

அண்ணனுக்கு,

கால் தேவலை. துறைமுகக் கிடங்கில் சாக்கு தைக்கிறேன். உட்கார்ந்து செய்யும் வேலை. அறையில் பேச ஆள் இல்லை.

சண்டையில், உழுதவன் என்று என்னைப் பதுங்கும் பள்ளம் தோண்ட விட்டார்கள். நல்ல மண். யாரும் எதையும் விதைக்கவில்லை. இது கதையாகாது.

இதைச் சொல். பள்ளத்தில் என் பக்கத்தில் ஒரு சலவைக்காரன். தூக்கத்தில் பெண்டாட்டியோடு பேசுவான். பதில் வராவிட்டால் கத்துவான். எதிரிக்குக் கேட்டுவிடுமே! நான் பெண் குரலில் 'ம்... ம்...' என்பேன். அடங்கிவிடுவான்.

பாப்பா ஓடி விளையாடுகிறாளா?

தம்பி


மே 20

தம்பிக்கு,

வந்தவன் சொல்லாமல் கிளம்பலாமா? அண்ணி உனக்கு எடுத்துவைத்த சோறு அப்படியே இருந்தது.

டீக்கடைக்காரர், "அண்ணன் குண்டுக்கு நெஞ்சக் காட்டுனாரு, தம்பி சாக்குக்குள்ள பூந்துக்கிட்டியா?" என்றது விளையாட்டுக்குத்தான். நான் வாயைத் திறந்தால் நிலம் போய்விடுமே. நான் சொன்ன சலவைக்காரன் கதைக்கு எல்லாரும் எப்படிச் சிரித்தார்கள், பார்த்தாய் அல்லவா?

இங்கேயே வந்துவிடு. பின்னறை உனக்கு. என் தம்பியாக இரு, போதும்.

அண்ணன்


ஜூன் 6

அண்ணனுக்கு,

டீக்கடைக்காரர் மேல் கோபமில்லை. நிலத்தை நீயே வைத்துக்கொள், மனதாரச் சொல்கிறேன்.

கதையின் பாதியைத்தான் உனக்கு எழுதினேன். கடைசி ராத்திரி அவன் வயிற்றில் குண்டு. முழித்துக்கொண்டேதான் பெண்டாட்டியைக் கூப்பிட்டான். நான் அதே குரலில் 'ம்' என்றேன். அவன் பேச்சு நின்ற பிறகும் விடியும்வரை நிறுத்தவில்லை.

அன்று டீக்கடையில் நீ அந்தக் குரலைப் பேசிக் காட்டினாய். எல்லாரும் சிரித்தார்கள். கூட நானும் சிரித்தேன்.

அதனால்தான் கிளம்பினேன். இனி வரமாட்டேன். அண்ணியிடம் நீயே பக்குவமாகச் சொல்.

தம்பி