மாலை போட்ட படம்

ஐப்பசி 12, செவ்வாய்

இலங்கை அகதி முகாமிலிருந்து ஓர் அம்மா இன்று காளவாசலில் உள்ள என் போட்டோ ஸ்டுடியோவுக்கு வந்தார். மகனின் பழைய படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போடச் சொன்னார். அப்படி வருபவை எல்லாம் இறந்தவர்களின் படங்கள்தான். அந்தப் பழக்கத்தில் கம்ப்யூட்டரிலேயே பொட்டும் மாலையும் வைத்துவிட்டேன்.

"மறைவு தேதி சொல்லுங்கம்மா, கீழ போட்டுருவோம்."

"அவன் சாகேல்லை தம்பி. சண்டை முடிஞ்ச அண்டைக்கு, பேரைப் பதிஞ்சுபோட்டு விட்டுடுவினம் எண்டு நான்தான் கையைப் பிடிச்சுக் கொண்டுபோய் ஆமிக்காரரிட்டக் குடுத்தனான். இன்னும் விடேல்லை."

மாலையை எடுத்தேன், பொட்டை அழித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "மாலையோட ஒருக்கா காட்டுங்கோ" என்றார். காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். மாலை இல்லாத படத்தையே வாங்கிக்கொண்டு போனார்.

மாலை போட்ட படத்தைக் கம்ப்யூட்டரிலிருந்து நான் இன்னும் அழிக்கவில்லை.