எட்டு மணிக்கு மேல் சோறு

கார்த்திகை. திங்கள். விடாத தூறல்.

பொம்மி, உன் காலேஜில் இன்று வேலைக்குச் சேர்ந்தேன். பெண்கள் ஹாஸ்டல் மெஸ். நீ போன பிறகு அவர்களாகவே கூப்பிட்டுக் கொடுத்தது. உங்கப்பாவுக்கு இஷ்டமில்லை. நான்தான் வந்தேன். நீ என்ன சாப்பிட்டாய் என்று பார்க்க வேண்டும்.

வெங்காயம் ஒரு மூட்டை. முட்டைக்கோஸ். சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும். பிள்ளைகள் சோற்றை அளைந்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். அப்புறம் கேன்டீனில் பப்ஸ், கூல்டிரிங்ஸ்.

நான் யாருடைய அம்மா என்று மெஸ்ஸில் கூட வேலை செய்யும் நூர்ஜகான் அக்காவுக்கு மட்டும் தெரியும்.

செவ்வாய். குளிர். விரலெல்லாம் வெடிப்பு.

ராத்திரி எட்டு மணிக்குப் பன்றி வளர்ப்பவரின் வண்டி. மீந்த சோறு, முட்டை எல்லாம் டிரம்மில். காண்ட்ராக்டர் விற்கிறாராம். ஆவி கூட அடங்காத சோறு. நூர்ஜகான் அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வண்டி போன பிறகுதான் கம்பெனி டிரெயினிங் போன பிள்ளைகளின் பஸ். அண்டா காலி.

"தினமும் இப்படியாக்கா?"

"தினமும்தான்மே. ரூம்ல கெட்டில் ஒளிச்சு வெச்சிருக்குதுங்க. நூடுல்ஸ் போட்டுக்கும்."

நீ தினமும் வந்ததும் அந்த பஸ்ஸில்தான். ஷாக் அடித்து உன் உயிர் போனதும் அப்படி ஒரு கெட்டிலில்தான். ரூமில் கெட்டில் வைத்தது தப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். டிரம்மைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

புதன். தலைவலி. வேலைக்குப் போனேன், வந்தேன்.

வியாழன். கொஞ்சம் வெயில்.

கடைசி பஸ் வரும்வரை ஒரு அண்டா சோறு வைக்கச் சொல்லி காண்ட்ராக்டரிடம் கேட்டேன்.

"ஏம்மா, நேத்து வந்த. மெஸ்ஸ நீ நடத்துறியா, நான் நடத்துறனா?"

"என் பொண்ணு அந்த பஸ்ல வந்தவதாங்க."

போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்கி ஒருநாளு வெய்யி. மீந்துச்சுன்னா அதோட இந்தப் பேச்ச விட்டுறணும்."

நூர்ஜகான் அக்கா: "அந்தாளு சரின்னானா? மழ கொட்டி ஊரே மிதக்கப் போவுது போ!"

வெள்ளி. மழைதான்.

சோறு, ரசம், ஆளுக்கொரு முட்டை. கத்தரிக்காய் நானே வதக்கினேன். அண்டாவை மூடித் துணி சுற்றி வைத்தேன்.

பஸ் வந்தது. பிள்ளைகள் மெஸ் பக்கம் பார்க்காமல் நேராக மாடிப்படி. ஓடிப் போய்க் கூப்பிட்டேன்.

"கண்ணுங்களா, சோறு இருக்குது. சூடா இருக்குது."

ஒருத்தி மட்டும் நின்றாள். உன் உயரம்.

"மெஸ் சோறாக்கா? வேணாம். நூடுல்ஸ் இருக்குது. அதே பழகிருச்சு."

"கெட்டில்லயா?"

"புதுசு வாங்கிட்டோம்கா, ஒண்ணும் ஆவாது. வார்டன்கிட்ட சொல்லிராதீங்க." சிரித்துக்கொண்டே ஏறிப் போனாள். நல்ல பிள்ளை.

கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து மசாலா வாசனை. சுற்றிய துணி சுற்றியபடியே.

பொம்மி, சோறு இருந்திருந்தால் நீ சாப்பிட்டிருப்பாயா?