செக்ரோலில் வெட்டிய வழக்குக் காசு

கஹவத்தை,
செவ்வாய்க்கிழமை.

என் அன்பு மகள் சுதர்சினிக்கு,

அம்மா எழுதுவது. ஜோர்தானில் குளிர் தொடங்கிவிட்டது என்றாய், உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் மாரியம்மன் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே அப்பாவும் தம்பி விதுர்ஷனும் சுகம். நானும் சுகம் என்று எழுத மனம் வரவில்லை. போனில் பேசினால் லயம் முழுக்கக் கேட்கும், அதனால் லீவு முடிந்து நாளை அங்கே திரும்பும் நிரோஷாவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நாம் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு மேலே, பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் பெக்டரிக்குத் தோட்டக் கம்பனி நிலம் கொடுத்தது உனக்குத் தெரியும். போன வாரம் பெக்கோ மெஷின் வந்து இறப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டது. ஈயம் கலந்தால் தண்ணீரின் நிறம் மாறாது, வாடையும் வராது, பிள்ளைகளின் மூளையைத்தான் முதலில் பிடிக்கும் என்று வாசித்ததிலிருந்து குடத்தைத் தூக்கவே பயமாக இருக்கிறது. வழக்குப் போட லோயர் சம்மதித்திருக்கிறார், செலவில் பாதி நாம், பாதி கீழே உள்ள சிங்களக் கிராமம் என்று பேச்சு. வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் இந்தக் கோர்ட் தவணையில் தடை உத்தரவு கேட்க முடியாது, அடுத்த தவணைக்குள் உலையே எழும்பிவிடும்.

பிழை என்னுடையது மகளே. ஏழு மாதத்துக்கு முன், காசு எப்படிச் சேர்ப்பது என்று கூட்டத்தில் குழம்பியபோது, திருவிழா வரியைப் போலச் செக்ரோலில் சம்பளக் கணக்கு எழுதும்போதே வெட்டச் சொல்லுவோம், கோயில் கணக்கிலேயே மாதம் ஆளுக்கு நூறு ரூபாய் கூட்டிப் போடுவோம் என்று நான்தான் சொன்னேன். வழக்கமாகச் செய்வதுதானே என்று எல்லோரும் சம்மதித்தார்கள். காசு சேர்ந்தது, தோட்டத்து ஒபிசில். அதை எடுக்கத் தோட்டத்தை நடத்தும் துரையின் கையெழுத்து வேண்டும். வழக்கே அவருடைய கம்பனி மேல்தான் என்பது நூற்று நாற்பது பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எவ்வளவோ வாசிக்கிறவள் என்று பெயர் வாங்கிய எனக்கும் தோன்றவில்லை. கோயில் தலைவர் என்ற முறையில் அப்பா போய், எதற்கென்று சொல்லாமல் கேட்டார். “சாமிக் காசு சாமிக்குத்தான் தலைவரே, தேருக்கு பில் கொண்டாங்க, இப்பவே சைன் வைக்கிறேன்” என்று துரை சிரித்தாராம். கிராமத்துக் குசுமா அக்கா அவர்களுடைய பங்கைப் பையோடு கொண்டுவந்து வைத்து, “ஒயாலகே சல்லி கோ, உங்க காசு எங்க?” என்று கேட்டார். மூக்காயி சித்திதான் எல்லோர் முன்னாலும், “நல்லா வாசிச்ச போ, நம்ம கழுத்துக்கு நம்ம காசுலயே கயிறு வாங்கி தொர கையில குடுத்துட்ட” என்றாள். சிரித்தார்கள்.

நீ அனுப்புவதாகச் சொன்ன காசு உன் சம்பளம் வந்த பிறகுதானே, அதற்குள் வெள்ளி போய்விடும். பஜாரில் லைட் வாடகைக்கு விடும் கபூர் நானா, தேர் அலங்காரத்துக்கு என்று ஒரு பில் எழுதித் தந்திருக்கிறார். “காசு வந்ததும் அப்படியே உங்க கையில தாரேன் தங்கச்சி, எங்க புள்ளைகளும் அந்தத் தண்ணிதானே குடிக்குது” என்கிறார். அப்பா மாட்டேன் என்றுவிட்டார், அம்மன் பெயரில் பொய் எழுதினால் கை விளங்காது என்கிறார். கோயில் செயலாளர் என்று நான் கையெழுத்துப் போட்டாலும் செல்லும். பிடிபட்டால் கோயில் காசைத் திருடியவள் என்று பொலிசுக்குப் போவது என் பெயர்தான், நாம் குடியிருக்கும் லயக் காம்பராவையும் கம்பனி விடச் சொல்லலாம். வேறு வழி தேடித் தேடிக் களைத்துவிட்டேன். நாளைக் காலை ஒபிஸ் திறந்ததும் பில்லைக் கொடுக்கப் போகிறேன். அப்பாவுக்குத் தெரியாது.

நேரத்துக்குச் சாப்பிடு, கம்பளிச் சட்டை போடாமல் வெளியே போகாதே. அம்மன் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். இந்தக் கடிதத்தை மட்டும் கிழித்துவிடாதே. என்னைத் திருடி என்று யாராவது சொன்னால் தம்பிக்கு இதை வாசித்துக் காட்டு.

உன் அம்மா,
விஜயகலா