அடிமரத்தை நெரித்த வேர்

கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். பிசின் வாசம் போகவில்லை. இன்று காலை மட்டாஞ்சேரியில், உன் வீட்டு முற்றத்தில் நாம் நட்ட கிறிஸ்துமஸ் மரத்தின் வேர் ஒன்றை அறுத்துவிட்டு வந்தேன். மரம் பிழைத்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

படிப்பு முடிந்த வருடம் பிராட்வே கடைத்தெருவில் நீ அதை வாங்கினாய். அப்போது முழங்கால் உயரம்தான். தொட்டியிலிருந்து நான் உருவினேன்; வேர்கள் தொட்டியின் வடிவத்திலேயே வட்டமாகச் சுற்றிக்கிடந்தன.

"டேய், வேரக் கொஞ்சம் பிரிச்சு விட்டு வெய்டா" என்றாய்.

எனக்குப் படகைப் பிடிக்கும் அவசரம். "நான் இஞ்சினியர், நீ மொளகு யாவாரி. வேருக்கு வழி தெரியும்" என்று அப்படியே குழிக்குள் இறக்கி மண்ணைத் தள்ளினேன்.

மரம் நம்மைவிட உயர்ந்தது. பிறகு கீழ்க்கிளைகள் மஞ்சளாயின. நுனி வளராமல் நின்றது. நீ தினமும் தண்ணீர் ஊற்றினாய். ஊற்றி ஊற்றி வேரை அழுக வைக்கிறாய் என்று தீர்ப்புச் சொன்னேன். மண்ணைத் தோண்டிக்கூடப் பார்க்கவில்லை. நீ ஊற்றுவதை நிறுத்திவிட்டாய். அடுத்த மாதம் நீயே இல்லை.

போன வருடம் மழைக்கு முன் மாமி, உன் அம்மா, கூப்பிட்டார். "இதுவும் என் கண்ணு முன்னால காயறதப் பாக்க ஏலாது மோனே, வெட்டிரு. நீ அன்னைக்குச் சொன்ன மாதிரி அவன்தானே தண்ணிய ஊத்திக் கெடுத்தான்."

வெட்டத்தான் போனேன். அடியில் மண்ணை விலக்கினால், ஒரு வேர்கூட அழுகவில்லை. கட்டைவிரலைவிடத் தடித்த இரண்டு வேர்கள் வெளியே பரவாமல், தொட்டிக்குள் சுற்றிய அதே வட்டத்தில் அடிமரத்தை இறுக்கியிருந்தன. மரம் பருக்கப் பருக்க அவையும் பருத்து, நீர் மேலே ஏற முடியாமல் நெரித்துவிட்டன. இரண்டையும் ஒன்றாக எடுத்தால் மரம் தாங்காது. ஒன்றை மட்டும் உளியால் வெட்டி எடுத்துவிட்டு மாமியிடம் சொன்னேன்: நட்டது நான், அவன் சொன்னதைக் கேட்காததும் நான்.

திட்டுவார் என்று நின்றேன்.

"அப்போ அவன் தண்ணி ஊத்துனதுல ஒரு கொழப்பமும் இல்லையே?"

"ஒண்ணுமில்ல மாமி."

முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாயா போட உள்ளே போனார்.

இன்று இரண்டாவதையும் எடுத்தேன். உச்சியில் இளம்பச்சையாக ஒரு புது அடுக்கு விரிந்திருக்கிறது. மாமிதான் இப்போது தண்ணீர் ஊற்றுகிறார்.

ஏலூரில், நான் வேலை பார்க்கும் ஆலையில், பம்ப் நின்றுபோனால் இப்போதும் எனக்குப் பொறுமை கிடையாது. ஆனால் கழற்றிப் பார்க்காமல் யார்மேலும் பழி சொல்வதில்லை. கடைசியாக அப்படிப் பழி சொன்னது உன்மேல்தான்.