உள்ளே போய் வந்த சப்பாத்து

மாலையிலிருந்து கறுப்புத் தோல் சப்பாத்துக்குப் பாலிஷ் மை தேய்த்துக்கொண்டிருக்கிறேன். பளபளப்பு வந்து வெகுநேரமாயிற்று; கைதான் நிற்கவில்லை. மையின் வாசனை உன்னைக் கொண்டுவந்து எதிரே உட்கார வைத்துவிட்டது.

நாளை விடியற்காலை ஈப்போவிலிருந்து பேருந்து. உன் மனைவியோடு புத்ராஜெயா போகிறேன். அவளுடைய குடியுரிமை விண்ணப்பத்துக்கு நேர்காணல். சிம்பாங் பூலாய்ப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் அவள் பிறந்ததை அறிந்தவர்களில் இன்று நான் ஒருவன்தான் மிச்சம். அதனால் நானே சாட்சி. என் பேச்சு தடுமாறினால் அவள் கடைசிவரை குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு, பிறந்த நாட்டிலேயே வெளியாளாக இருக்க வேண்டியதுதான். சொல்ல வேண்டியதை மலாயில் மனப்பாடம் செய்து பார்த்தேன். சொல்லச் சொல்ல, அது உண்மைதானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"பயப்படாதீங்கண்ணே, நான் பக்கத்துலதான இருப்பேன் லா," என்கிறாள் அவள். யாருக்கு யார் துணையோ.

உன் குடியுரிமை நேர்காணலுக்கும் நாம் இருவரும்தான் புத்ராஜெயா போனோம். நான் சப்பாத்து போட்டு வந்தேன். நீ ரப்பர் சிலிப்பரில் வந்தாய். அரசாங்க அலுவலகத்துக்குள் சிலிப்பர் கூடாது என்று காவலாளி வாசலிலேயே நிறுத்திவிட்டார். நான் திரும்பிப் போகப் பார்த்தேன். நீயோ என் காலைப் பார்த்தாய்.

"கழட்டு மச்சான்."

உன் சிலிப்பரை மாட்டிக்கொண்டு ஏரிக்கரையில் காத்திருந்தேன். பார்த்த பக்கமெல்லாம் அமைச்சுக் கட்டடங்கள், அகன்ற பாலங்கள். சீருடையில் யார் கடந்தாலும், இங்கே உனக்கென்ன வேலை என்று கேட்டுவிடுவாரோ என்று எழுந்து நின்றேன். அந்த மண் முன்பு தோட்டமாக இருந்தபோது, அங்கே ஒரு தொழிலாளர் லயத்து வீட்டில்தான் நீ பிறந்தாய். சிறு வயதில் எங்கள் பேராக் மாநிலத்துக்கு வந்துவிட்டாய். அதைப் பேருந்தில் வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாய்.

வெளியே வந்தபோது சிரித்துக்கொண்டிருந்தாய். "எங்க பொறந்தேன்னு கேட்டாங்க. ஜன்னலைக் காட்டி, இங்கதான்னு சொன்னேன்."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க. அப்புறம், அதுக்குச் சாட்சி இருக்கான்னு கேட்டாங்க. மரத்தையெல்லாம் வெட்டிட்டீங்க, நான் யாரைக் கூட்டிட்டு வாரதுன்னு கேட்டேன்."

"அங்க போயி அப்படியா பேசுவ?" என்றேன்.

நீ சப்பாத்தைக் கழற்றி நீட்டினாய். "இந்தா. ஒன்ன மாதிரியே பயந்த சப்பாத்து லா. உள்ள போக மாட்டேன்னு கால கடிச்சிருச்சு."

விண்ணப்பத்துக்குப் பதில் வருவதற்குள் நீ கண்ணை மூடிவிட்டாய். உன் பிறப்பை அறிந்தவர் ஒருவரும் அன்று உயிரோடு இல்லை. அவளுக்கோ ஒருவன் இருக்கிறான், அதுவும் நான். அதுதான் பயம்.

புதுச் சப்பாத்து வாங்கலாமே என்றாள் அவள். வேண்டாம் என்றுவிட்டேன். உன் அகன்ற பாதம் இதன் பக்கங்களை விரித்தது விரித்ததுதான். அன்றிலிருந்து எனக்குத் தொளதொளப்பாகவே இருக்கிறது. முன்னால் கொஞ்சம் பஞ்சு வைத்திருக்கிறேன்.

அந்த அலுவலகக் கதவை நான் இதுவரை தாண்டியதில்லை. இந்தச் சப்பாத்து ஒருமுறை தாண்டியிருக்கிறது. நாளை அது முன்னே போகட்டும், மச்சான். பின்னால் நான் போய்க்கொள்கிறேன்.