பிழியாத முட்டைக்கோஸ்

அன்புள்ள தோழிக்கு,

நேற்று மதியம் வாசலில் பாத்திரத்தை வைத்துவிட்டு நீ திரும்பிப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கதவைத் திறக்கக் கூச்சமாக இருந்தது. எங்கள் சாண்ட்விச் கடை வேலையைவிட்டு என் கணவர் லோவல் உன்னைப் போகச் சொன்ன அன்று நான் உனக்காக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே.

தாடையில் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரமாக அவருக்கு சூப்புதான். பேச்சு குழறுவதால் பேசுவதையே நிறுத்திவிட்டார். முப்பது வருடம் ஒமாஹா நகருக்கே ரூபன் சாண்ட்விச் அடுக்கிக் கொடுத்தவரால் இப்போது அதைக் கடிக்க முடியாது. நீயோ அதே ரொட்டி, உப்பிட்ட மாட்டிறைச்சி, புளித்த முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி, சீஸ் தூவி, கரண்டியால் அள்ளும்படி மெத்தென்று ஓவனில் சுட்டு வைத்திருந்தாய்.

ஒரு வாய் சாப்பிட்டதும் முகத்தைச் சுளித்தார்.

"கோஸைப் பிழியாமலே போட்டிருக்கா. இவகிட்ட எத்தனை தடவ சொல்லியிருக்கேன்!"

நீ செய்ததென்று நான் சொல்லவேயில்லை. சொற்கள் குழறின; ஆனாலும் எனக்கு ஒவ்வொன்றும் புரிந்தது.

"அழாம இன்னும் கொஞ்சம் வை," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறாயா? அவர் திட்டினால் நான் உன் பக்கம்தான். ஆனால் கொஞ்ச நேரம் திட்டவிடு. அந்தக் குரலைக் கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

நன்றியோடு,
உன் தோழி